படித்ததாகக் குறிக்கப்பட்டது

அந்த அறையில் இருந்தவர்கள்:

விசாரணைக் குழுத் தலைவர். ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர். எட்டப் பார்க்க ஒரு கண்ணாடி, கிட்டப் பார்க்க ஒரு கண்ணாடி, இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்.

மென்பொருள் நிறுவனத்திலிருந்து வந்த இளைஞர். தேய்த்த சட்டை, நல்ல மரியாதை.

குறிப்பெடுக்க ஓர் எழுத்தரம்மா.

என் அக்கா.

நான். வருகைப் பதிவேட்டில் என் கையெழுத்துக்கு எதிரே "உடன் வந்தவர்" என்று எழுதியிருந்தது.

மேசை நடுவில் ஒரு மடிக்கணினி. எழுத்தரம்மா அதைப் பதிவேட்டில் சேர்க்கவில்லை. சேர்த்திருக்கலாம். அன்றைக்கு அதன் பேச்சுதான் எடுபட்டது.

அக்கா ஒப்பந்த ஆசிரியை. ஒன்பதாம் வகுப்புக்கு மொழிப் பாடம். ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் அவளை வேலையிலிருந்து எடுத்துவிட்டு, பள்ளி திறக்கும் அன்று மறுபடி சேர்த்துக்கொள்வார்கள். இப்படியே பதினொரு வருடம். இந்த வருடம் ஒரு புது உத்தரவு வந்தது. ஒப்பந்த ஆசிரியர்கள் எல்லோரும் ஓர் அறிக்கை எழுதித் தர வேண்டும்: உங்கள் வகுப்பில் பின்தங்கிய ஒரு மாணவரை எப்படி முன்னேற்றினீர்கள்? தேறினால் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் ஒப்பந்தமும் போச்சு. அறிக்கையைச் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எழுதியதாக முடிவானால் ஐந்து வருடத்துக்கு எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் எடுக்க முடியாது.

அக்காவின் அறிக்கை இயந்திரம் எழுதியது என்று இன்னொரு இயந்திரம் சொல்லிவிட்டது. தொண்ணூற்றாறு சதவீதம் நிச்சயமாம். அதற்காகத்தான் எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள்.

அதை எழுதியது அக்காதான். சமையலறை மேடையோரம் நின்றபடி, ஆறு தடவை எழுதினாள். எப்படி எழுத வேண்டும் என்று சொன்னவன் நான்.

நான் கல்லூரியில் இரண்டாம் வருடத்தோடு நின்றவன். பெரிய காரணம் ஒன்றுமில்லை. ஒரு திங்கட்கிழமை போகவில்லை, அப்புறம் போகவே இல்லை. கட்டணம் கட்டியது அக்கா. அதைப் பற்றி அவள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அப்பா மட்டும் கொஞ்ச நாள் என்னை "இன்ஜினியர் சார்" என்று கூப்பிட்டார். நான் ராத்திரி வேலைக்குப் போக ஆரம்பித்ததும் "ஆந்தை" என்று மாற்றிக்கொண்டார்.

அந்த ராத்திரி வேலை இதுதான். தேர்வுக் கட்டுரைகளுக்கும் அறிக்கைகளுக்கும் மென்பொருள் மதிப்பெண் போடும். யார் எழுதியது என்றும் அதுவே சொல்லும். அதன் முடிவை யாராவது எதிர்த்தால் கோப்பு "மனித மறுஆய்வுக்கு" என்று எங்களிடம் வரும். நாங்கள் பதினொரு பேர். பெயர் கிடையாது, எண்தான். நான் ஏழு. வேலையில் சேரும்போது பட்டம் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. நிமிடத்துக்கு எத்தனை வார்த்தை படிப்பாய் என்று கேட்டார்கள். இங்கே நடப்பதை வெளியே சொல்ல மாட்டேன் என்று நாலு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

திரையின் இடது பக்கம் கட்டுரை இருக்கும். வலது பக்கம் மென்பொருளின் முடிவு, பச்சையிலோ சிவப்பிலோ. முடிவு சரி என்றால் என்டரை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். சரியில்லை என்றால் ஒரு கட்டம் திறக்கும். அதில் இருநூறு வார்த்தையில் காரணம் எழுத வேண்டும், சூப்பர்வைசர் வந்து படிப்பார். ஒவ்வொரு கோப்பும் இரண்டு பேருக்குப் போகும். இரண்டு பேரும் ஒத்துப்போகாவிட்டால் மென்பொருளின் முடிவே நிற்கும். ஒவ்வொருவரும் மென்பொருளோடு எத்தனை சதவீதம் ஒத்துப்போகிறோம் என்பதற்கு மேட்ச் என்று பெயர். அது தொண்ணூற்றேழுக்குக் கீழே போனால் உங்கள் எண் சுவரில் ஏறும். மூன்று வாரம் தொடர்ந்து ஏறினால் நாற்காலியில் வேறு ஆள் இருப்பார்.

ஒரு மாதத்தில் யாருக்கும் விஷயம் பிடிபட்டுவிடும். அப்புறம் இடது பக்கம் பார்க்க மாட்டோம், வலது பக்கத்தின் நிறத்தை மட்டும் பார்ப்போம். இரண்டு வருடத்தில் நான் அந்தக் கட்டத்தைத் திறந்தது நாலு தடவை.

அதற்காக நான் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை என்று சொல்ல முடியாது. எந்த மாதிரி எழுத்துக்கு மென்பொருள் தொண்ணூறு போடும், எதற்கு நாற்பது போடும் என்று எனக்கு அத்துப்படி. அக்கா தன் அறிக்கையின் முதல் பிரதியை ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதியிருந்தாள். பயிற்சிக்காக யார் வேண்டுமானாலும் ஏற்றிப் பார்க்கலாம் என்று ஓர் இணையப் பக்கம் இருந்தது. அதில் ஏற்றினோம். நாற்பத்தொன்று வந்தது.

அக்கா அந்த எண்ணை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொரு வருடமாகப் பிள்ளைகளின் தாளில் சிவப்பு மையில் எண் போட்டவள். "இது ஃபெயில் மார்க்குடா" என்றாள்.

நான் சொல்லிக் கொடுத்தேன், அல்லது அப்படி நினைத்தேன். முதல் பத்தியில் ஆளைப் பற்றிப் பேசாதே, கற்றலைப் பற்றிப் பொதுவாகப் பேசு. மூன்று காரணம் சொல். பத்திக்கு ஒரு "மேலும்", ஒரு "இருப்பினும்". முடிந்த இடத்திலெல்லாம் சதவீதம் போடு. நீ எழுதியிருக்கும் அந்த மாணவியை நாலாவது பத்திக்கு அனுப்பு. எந்தக் காரணம் கொண்டும் "எனக்குத் தெரியவில்லை" என்று எழுதாதே.

"தெரியலேன்னா?"

"தெரியலேன்னாலும்."

அக்கா சிரித்தாள். அவள் நல்ல மாணவி, எப்போதும் அப்படித்தான். இரண்டாவது பிரதிக்கு ஐம்பத்தெட்டு, நாலாவதுக்கு எழுபத்தொன்பது, ஆறாவதுக்குத் தொண்ணூற்று மூன்று. அன்றைக்கு அவள் அப்பாவின் காதுக்குப் பக்கத்தில் போய் எண்ணைச் சொன்னாள். அப்பாவுக்குக் காது மந்தம். காதுக் கருவி இரைச்சலாக இருக்கிறது என்று இழுப்பறையில் போட்டு வைத்திருந்தார். "நூத்துக்கா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

ஆசிரியர் அறிக்கைகளை யார் எழுதியது என்று சோதிக்க இந்த வருடம் தனியாக ஒரு புது மென்பொருள் வரப்போகிறது என்று எனக்குத் தெரியாது. ஒரே நிறுவனம், இரண்டு மென்பொருள். மூத்தது எந்த எழுத்தை முதுகில் தட்டிக் கொடுக்கிறதோ, அதே எழுத்தின் கழுத்தைப் பிடித்தது இளையது.

விசாரணையில் அக்கா தெளிவாகவே பேசினாள். தலைவர் நல்ல மனிதர். எத்தனை வருட சர்வீஸ், எத்தனை பிரிவு, வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்றெல்லாம் விசாரித்தார். ஐம்பத்தாறு என்றதும் உச்சுக்கொட்டினார். அக்கா பையிலிருந்து கோடு போட்ட நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். முதல் பிரதி இது, என் கையெழுத்து, பாருங்கள் என்றாள். தலைவர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு வாய்விட்டே படித்தார்.

"இந்தப் பெண்ணுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது என்று ஒன்பதாம் வகுப்பு வரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. பக்கத்தில் இருப்பவள் வாசிப்பதைக் கேட்டு மனப்பாடம் செய்துகொள்வாள். பிறகு புத்தகத்தைப் பார்த்தபடி அப்படியே ஒப்பிப்பாள். ஒரு சொல் தவறாது. ஒருநாள் பக்கத்தைத் திருப்ப மறந்துவிட்டாள். வாய் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது, கண் பழைய பக்கத்திலேயே இருந்தது. நான் வகுப்பில் ஒன்றும் சொல்லவில்லை. பள்ளி விட்டதும் கூப்பிட்டு உட்கார வைத்தேன். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். எப்போதும் இப்படித்தான் என்றாள்."

எழுத்தரம்மா குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். தலைவர் பக்கத்தைத் திருப்பினார். கடைசி வரிகளைக் கொஞ்சம் மெதுவாகப் படித்தார். "இப்போது விரல் வைத்துப் படிக்கிறாள். சோப்பு உறை, கடைப் பலகை, பேருந்து நேரம், எது கிடைத்தாலும் படிக்கிறாள். வருடக் கடைசித் தேர்வில் தேறுவாளா என்று எனக்குத் தெரியவில்லை."

தலைவர் நோட்டை மூடி மேசைமேல் வைத்தார். பிறகு இளைஞர், நோட்டில் இருப்பது அருமையாக இருக்கிறது, ஆனால் தாக்கல் செய்த அறிக்கை இது இல்லையே என்று பணிவாகச் சொன்னார். இதற்கும் அதற்கும் ஒரு வரிகூட ஒத்துப்போகவில்லை. நடுவில் யாரோ மாற்றியிருக்கிறார்கள் அல்லது ஏதோ மாற்றியிருக்கிறது. அது எது என்பதுதான் கேள்வி.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க அவள் கழுத்தை எவ்வளவு விறைப்பாக வைத்திருந்தாள் என்பது எனக்குத் தெரிந்தது.

"நானேதான் மாத்தினேன்" என்றாள். "மார்க் கம்மியா வந்துச்சு. மார்க் வர்ற மாதிரி மாத்தினேன்."

தலைவருக்கு அது நியாயமாகப் பட்டது. சரி, இப்போதே எங்கள் முன்னால் ஒரு பக்கம் எழுதுங்கள் என்றார். தலைப்பு அவரே கொடுத்தார்: வகுப்பறையில் அமைதி. வெள்ளைத்தாள் கொடுத்தார்கள். அவள் பேனாதான். எழுத்தரம்மா எல்லோருடைய கைப்பேசியையும் வாங்கி ஒரு தட்டில் வைத்தார்.

அக்கா முப்பத்தைந்து நிமிடம் எழுதினாள். அந்த முப்பத்தைந்து நிமிடமும் தலைவர் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதிர்ப்பக்கம் இருந்து தலைகீழாக முதல் வரியைப் படித்தேன். "அமைதி என்பது சிறந்த கற்றலின் அடிப்படையாகும்." என்ன நிறம் வரும் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. இரண்டாவது பத்தி "மேலும்" என்று ஆரம்பித்தது. அவள் வேண்டுமென்று செய்யவில்லை. முக்கியமான தாள், பக்கத்தில் அதிகாரி, மதிப்பெண் வேண்டும். அவள் கை தானாகவே ஆறாவது பிரதிக்குப் போய்விட்டது. அவள் நோட்டில் எழுதுகிற மாதிரி எழுதியிருந்தால் போதும். அதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. நான் எதிரேதான் உட்கார்ந்திருந்தேன்.

எழுத்தரம்மா தாளைப் படம் எடுத்து ஏற்றினார். மடிக்கணினி கொஞ்சம் யோசித்தது. தொண்ணூற்று நாலு சதவீதம், இயந்திரம்.

தலைவர் ஒரு கண்ணாடியைக் கழற்றினார். மற்றதைப் போட்டுக்கொள்ள மறந்துவிட்டார்.

"தம்பி, இவங்க எழுதினதை நான் என் கண்ணால பார்த்தேன்."

"பார்த்தீங்க சார். நானும் பார்த்தேன்" என்றார் இளைஞர். "யாரு எழுதினாங்கன்னு இது சொல்லல சார். எப்படி எழுதியிருக்குன்னு சொல்லுது."

"அப்போ நாம யாரைடா விசாரிக்கிறோம்?"

இளைஞர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. படிவத்தைத் திருப்பிக் காட்டினார். அதில் சதவீதம் எழுத ஒரு கட்டம் இருந்தது. கண்ணால் பார்த்ததை எழுதக் கட்டம் இல்லை. தலைவர் படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினார். கடைசிப் பக்கத்தில், சின்ன எழுத்தில், ஒரு வழி இருந்தது. தலைவர் விரும்பினால் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்டு முடிவை அவரே மாற்றலாம், அல்லது மனித மறுஆய்வுக்கு அனுப்பலாம்.

அவர் பேனாவைத் திறந்தார். மூடினார். நாற்பது வருடம் கோப்பில் கையெழுத்துப் போட்ட மனிதர், பின்னால் யார் கேட்பார்கள் என்று யோசிக்காமல் போட மாட்டார்.

"மறுஆய்வுக்கே அனுப்பிடுவோம்மா" என்றார் அக்காவிடம். "பயிற்சி பெற்ற நிபுணர்கள் பார்ப்பாங்கன்னு போட்டிருக்கு. மனுஷங்க படிச்சா புரிஞ்சுடும். கவலைப்படாதீங்க."

அக்கா தோளைத் தளர்த்தி மூச்சு விட்டாள். அந்த மாதத்தில் அவள் ஒழுங்காக விட்ட முதல் மூச்சு அதுவாகத்தான் இருக்கும்.

பயிற்சி பெற்ற நிபுணர்களில் ஒருவன் அவருக்கு எதிரே கைகளைத் தொடை இடுக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் வாயைத் திறந்து நாலு வாக்கியம் சொன்னால் போதும். ஐயா, அந்த மனுஷங்க நாங்கதான். நாங்க படிக்கிறதில்ல. இவங்களுக்கு இப்படி எழுதச் சொன்னது நான். நீங்களே கையெழுத்துப் போடுங்க. அவர் போட்டிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. பேனா இன்னும் அவர் கையில்தான் இருந்தது. ஆனால் நான் வாயைத் திறந்த அன்றே என் வேலை போகும். வெளி உதவி பெற்றார் என்று அக்காமேல் வேறு ஒரு விதி பாயலாம். பாயாமலும் போகலாம். இதையெல்லாம் நான் கணக்குப் போட்டேன். நடுவில் இன்னொரு யோசனை வந்தது. கோப்பு எங்கள் அலுவலகத் தளத்துக்குத்தானே வரும். உள்ளே இருந்தே பார்த்துக்கொள்ளலாம். அந்த யோசனை வந்ததும் எனக்கு நிம்மதியாகிவிட்டது. பேசாமல் இருக்க ஒரு காரணம் கிடைத்த நிம்மதி.

"கூட வந்தவர் ஏதாவது சொல்லணுமா?" என்று தலைவர் கேட்டார்.

"இல்லைங்க ஐயா" என்றேன்.

எழுத்தரம்மா அதையும் குறித்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் பேருந்தில் அக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். நாலு நிறுத்தம் தாண்டியதும், நீ ஏதாவது சொல்வாய் என்று நினைத்தேன் என்றாள். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. நான் விஷயத்தைச் சொன்னேன். கோப்பு எங்களிடம்தான் வரும். பதினொரு பேர்தான். கண்டுபிடித்துவிடுவேன், கட்டத்தைத் திறந்து இருநூறு வார்த்தை எழுதுவேன், இன்னொரு ஆளையும் பேசிச் சரிக்கட்டுவேன்.

"உனக்கு என்னோடதுன்னு எப்படித் தெரியும்? பேர் இருக்காதுன்னு சொல்லுவியே."

"உன் எழுத்து எனக்குத் தெரியாதாக்கா?"

அவள் சரி என்றாள். நம்பிவிட்டாள்.

அன்று ராத்திரி சாப்பாட்டு இடைவேளையில் தளத்தில் எல்லோரிடமும் சொன்னேன். பக்கத்தைத் திருப்ப மறந்த ஒரு பெண்ணைப் பற்றி ஓர் அறிக்கை வரும், வந்தால் எனக்கு ஒரு குரல் கொடுங்கள். மூன்றாம் எண்ணுக்குப் பாட்டுக்காரர் என்று பட்டப்பெயர். ஒரு காதில் எப்போதும் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். எங்களில் மூத்தவர் அவர். அந்தப் பெண் எந்த இடத்தில் வருவாள் என்று கேட்டார். நாலாவது பத்தியில் என்றேன்.

"ஏழு, இங்க யாருய்யா ரெண்டாவது பத்திக்குப் போறா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது நிஜம்தான்.

முதல் ராத்திரி வந்த ஒவ்வொரு ஆசிரியர் அறிக்கையையும் நாலாவது பத்தி வரை இறக்கிப் பார்த்தேன். "கற்றல் என்பது ஒவ்வொரு மாணவரின் அடிப்படை உரிமையாகும்" என்று ஆரம்பித்தவை மட்டும் இருபதுக்கு மேல் இருந்தன. அக்காவுக்கு நான் சொல்லிக் கொடுத்த அந்த வரி என் கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லோருக்கும் வீட்டில் யாரோ ஒருவர் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நாலாவது பத்தியில் ஒவ்வொருவருக்கும் ஒரு பிள்ளை இருந்தது. திக்கித் திக்கிப் பேசுகிறவன், காலையில் பால் பாக்கெட் போட்டுவிட்டு வருகிறவன், கடைசி பெஞ்சில் தூங்குகிறவள். நான் இரண்டு வருடமாக இந்த மாதிரிப் பிள்ளைகளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்திருக்கிறேன்.

விடியும்போது என் எண்ணிக்கை பாதிதான் இருந்தது. சூப்பர்வைசர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். உடம்பு சரியில்லையா என்று கேட்டார். அப்படிக் கேட்பதுதான் முதல் எச்சரிக்கை.

இரண்டாவது ராத்திரியும் பார்த்தேன். மூன்றாவது ராத்திரி நீளமானவற்றை மட்டும் இறக்கிப் பார்த்தேன். எண்ணிக்கை குறைந்தாலும் சுவர்தான்; நாலாவது ராத்திரி என் எண் அதில் ஏறியது. அப்புறம் முதல் இரண்டு மணி நேரம் மட்டும் கவனமாகப் பார்ப்பது, மற்ற நேரத்தில் விட்டதைப் பிடிப்பது என்று வைத்துக்கொண்டேன். எத்தனை நாள் அப்படிப் போனது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. அக்கா தினமும் காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது என்னைப் பார்ப்பாள். நான் தலையை ஆட்டுவேன், இன்னும் வரவில்லை என்று. வராமலே போய்விடாது என்று இரண்டு பேருமே நினைத்தோம்.

எங்கள் வீட்டுக் கதவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மூன்றாவது மாடி, இரண்டு அறை. வெளியே இருந்து சாவி போட்டுத் திறக்கலாம், அந்தச் சாவி என்னிடம் இருக்கும். உள்ளே ஒரு பெரிய தாழ்ப்பாள். அதைப் போட்டுவிட்டால் வெளியே இருந்து சாவி வேலை செய்யாது. தாழ்ப்பாள் போடாமல் தூங்குவது அப்பாவுக்குப் பிடிக்காது, திருடன் பயம். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவருக்கும் அக்காவுக்கும் இதில் வாக்குவாதம். "வேலைக்குப் போனவன் விடியக்காலம் எப்படி உள்ள வருவான்?" என்பாள். "ஆந்தை ஜன்னல் வழியா வரட்டும்" என்பார். இரண்டு வருடமாகத் தாழ்ப்பாள் துருப்பிடித்துக் கிடந்தது.

விசாரணை முடிந்து பதினாறாம் நாள் சாயங்காலம் அக்கா பள்ளியிலிருந்து நேரம் கழித்து வந்தாள். நான் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து மடித்த தாளை எடுத்து மேசைமேல் விரித்தாள். அலுவலக அறைக்குக் கூப்பிட்டுக் கொடுத்தார்களாம். ஒன்பதாம் வகுப்புப் பதிவேட்டையும் சாவியையும் அங்கேயே வாங்கிக்கொண்டார்களாம். அந்தப் பெண் வாசலில் நின்றுகொண்டிருந்தாளாம், இன்றைக்கு எந்தப் பலகை படிக்கலாம் என்று கேட்க. நாளைக்கு என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

தாளை நான் படித்தேன். ஐந்து வருடம். கீழே ஒரு சின்ன அட்டவணை.

மறுஆய்வாளர் 03: முடிவு சரி. எடுத்துக்கொண்ட நேரம்: 41 விநாடி.
மறுஆய்வாளர் 07: முடிவு சரி. எடுத்துக்கொண்ட நேரம்: 38 விநாடி.
கோப்பின் நிலை: மனிதரால் படித்ததாகக் குறிக்கப்பட்டது.

எந்த ராத்திரி என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை. ஞாபகம் வர அதில் ஒன்றுமே இல்லை. முதல் வரி எல்லோருடையதையும் போல இருந்திருக்கும், வலது பக்கம் சிவப்பாக இருந்திருக்கும்.

கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் என் அடையாள அட்டை தொங்கும். வீட்டுக்கு வந்ததும் அங்கே மாட்டுவேன், போகும்போது எடுத்துக்கொள்வேன். அட்டையில் படம் கிடையாது, எண் மட்டும் பெரிதாக. அக்கா இரண்டு வருடமாக அதைத் தாண்டித்தான் உள்ளே வந்து போகிறாள். இப்போது தாளைப் பார்த்தாள், ஆணியைப் பார்த்தாள்.

"ஏழு நீதானே?"

"ஆமாக்கா."

"படிச்சியா?"

படித்தேன் என்று சொல்லலாம். படித்துவிட்டு வேறு வழியில்லாமல் அழுத்தினேன் என்றுகூடச் சொல்லலாம். அவள் என்னைப் பார்த்த விதத்தில் அதெல்லாம் எடுபடாது. திருப்ப மறந்த பக்கத்தைக் கண்டுபிடித்தவள் அவள்.

"தெரியலக்கா" என்றேன்.

"நாலு பக்கம்டா." குரல் உயரவில்லை. "விரலை எங்க வெச்சிருந்த?"

என்டரில்தான். அதை நான் சொல்லவில்லை. பாட்டுக்காரரைப் பற்றிச் சொன்னேன். கோப்பு இரண்டு பேருக்குப் போகும், ஒருவன் மறுத்தாலும் மென்பொருளின் முடிவுதான் நின்றிருக்கும், நான் மறுத்திருந்தாலும் இதேதான் ஆகியிருக்கும் என்று சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே தெரிந்தது. நாலு பத்தியில், மூன்று காரணத்தோடு சொல்லிக்கொண்டிருந்தேன். "இருப்பினும்" மட்டும்தான் பாக்கி.

அவள் கேட்டு முடித்தாள். பிறகு எழுந்து சமையலறைக்குப் போனாள். நோட்டைப் பையிலிருந்து எடுத்து மேடைமேல் வைத்தாள். எப்போதும்போல என் சாப்பாட்டு டப்பாவைக் கட்டினாள். மூடி சரியாக மாட்டாது, ஒரு பக்கம் தட்ட வேண்டும். தட்டினாள்.

முன்னறையில் அப்பா, பரீட்சை என்ன ஆச்சு என்று கேட்டார். பரீட்சை என்றுதான் அவர் அதைச் சொல்வார். அக்கா அவர் காதுக்குப் பக்கத்தில் குனிந்து ஏதோ சொன்னாள். அவர் "நூத்துக்கா?" என்று கேட்டார். அவள் நிமிர்ந்து போய் டப்பாவை எடுத்து வந்தாள். அவர் தொலைக்காட்சி பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஷிப்டுக்கு நேரமாச்சு" என்றாள் என்னிடம்.

நான் இன்றைக்குப் போகவில்லை என்றேன். போகாமல் என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டாள். நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள்போலக் கேட்டாள். அந்தத் தலைவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்கிறேன் என்றேன். எழுதித் தருகிறேன், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

"அன்னிக்கு அவர் கையில பேனா இருந்துச்சு" என்றாள். "கேக்கவும் கேட்டாரு."

ஆணியிலிருந்து அட்டையை எடுத்து என்னிடம் நீட்டினாள். நான் வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். பழக்கம். டப்பாவையும் வாங்கிக்கொண்டேன். செருப்பு போடக் குனிந்தபோது அவள் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். நடைவழியில் எதிர் வீட்டுக்காரர் சைக்கிளை மேலே தூக்கி வந்து சுவரில் சாய்த்துக்கொண்டிருந்தார். என்ன தம்பி, டியூட்டிக்கா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

திரும்பி அக்காவிடம் ஏதாவது சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்குள் கதவு சாத்தியாகிவிட்டது. படியிறங்கத் திரும்பிய எனக்கு உள்ளே துருப்பிடித்த இரும்பு இரண்டு தடவை முனகுவது கேட்டது. வராத தாழ்ப்பாளை அவள் பலம்கொண்டு இழுக்கிறாள். மூன்றாவது இழுப்பில் அது போய்ப் பொருந்தியது.